ஜாங்கோவுக்கு மோங்கோடிபி பேக்எண்டு: ஓடுவது எது, சத்தமில்லாமல் உடைவது எது?

மோங்கோடிபி, தரவை அட்டவணைகளாக இல்லாமல் ஆவணங்களாகச் சேமிக்கும் டேட்டாபேஸ். ஜாங்கோ, வலைச் செயலி எழுத உதவும் சட்டகம். 2025-ல் மோங்கோடிபி நிறுவனம், இரண்டையும் இணைக்கும் பேக்எண்டைத் தானே எழுதி வெளியிட்டது. அதன் பிறகு ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. மீன் வரத்துக் கணக்கு, பாசிக் கொள்முதல், ஏலப் பட்டியல் என்று ராமநாதபுரம் கடற்கரையில் புழங்கும் சிறு செயலிகள் பல வேலைகளுக்கு இருக்கின்றன. அவற்றில் ஜாங்கோவில் எழுதி, போஸ்ட்கிரெஸ் அல்லது மைஎஸ்க்யூஎல் என்ற அட்டவணை டேட்டாபேஸ் மேல் ஓடும் ஒன்றை, அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி மோங்கோடிபிக்குக் கொண்டுபோய்விடலாமா?

முடியாது. மாற்றியதும் செயலி நின்றுபோனால்கூடப் பரவாயில்லை, தவறு உடனே தெரிந்துவிடும். சில அம்சங்கள் பிழைச் செய்தி காட்டி மறுக்கும். வேறு சில, வேலை செய்வதுபோலவே தோன்றிக் காவலை மட்டும் கைவிட்டுவிடும். பணக் கணக்கு ஓடும் செயலிக்கு இரண்டாவது வகைதான் ஆபத்து. அது எங்கே நேர்கிறது என்று பார்க்க அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஓஆர்எம் செய்யும் வேலை

ஜாங்கோ பைத்தானில் எழுதப்பட்ட வலைச் சட்டகம். அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் ஒரு செய்தித்தாளின் இணையப் பிரிவில் உருவாகி, 2005 ஜூலையில் திறமூலமாக வெளிவந்தது. படகு, கடல்பயணம், மீன்வகை என்று நாம் எழுதும் ஒவ்வொரு வகுப்பும் ஒரு மாடல். மாடலையும் டேட்டாபேஸையும் இணைக்கும் அடுக்குதான் ஓஆர்எம். ஒரு கேள்வி அதன் வழியே இப்படிப் போகிறது:

1. குவெரிசெட்: "இன்று பாம்பனில் வந்த படகுகள்" என்று நாம் எழுதும் வடிகட்டல்.
2. குவெரி: அந்த வடிகட்டல்கள், எந்த டேபிளோடு எந்த டேபிள் சேரும் என்ற விவரம், வரிசைமுறை எல்லாம் அடங்கிய உள்வடிவம்.
3. கம்பைலர்: உள்வடிவத்தை எஸ்க்யூஎல் (அட்டவணை டேட்டாபேஸ்களிடம் கேள்வி கேட்கும் மொழி) வாக்கியமாக்குவது.
4. பேக்எண்டு: டேட்டாபேஸோடு பேசும் டிரைவர் வழியே வாக்கியத்தை அனுப்பி, வரும் வரிசைகளைத் திரும்பக் கொடுப்பது.

மூன்றாவது, நான்காவது படிகளை மட்டும் மாற்றி எழுதினால் எந்த டேட்டாபேஸையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் இரண்டாவது படியிலேயே அட்டவணைச் சிந்தனை ஊறிக் கிடக்கிறது. ஜாங்கோவின் மூலநிரலில் குவெரி வகுப்பு இருக்கும் அடைவின் பெயரே எஸ்க்யூஎல். டேபிள்களின் மாற்றுப்பெயர்களும், டேபிள்களைச் சேர்க்கும் ஜாயின்களும் அங்கேயே முடிவாகிவிடுகின்றன. அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படும் போஸ்ட்கிரெஸ், மரியாடிபி, மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூலைட் ஐந்தும் எஸ்க்யூஎல் பேசுபவை என்பதால் இது இத்தனை காலம் இடைஞ்சலாகத் தெரியவில்லை.

அதற்காக ஜாங்கோவுக்கு நோஎஸ்க்யூஎல், அதாவது அட்டவணை முறையில் இல்லாத டேட்டாபேஸ், அறவே ஆகாது என்று அர்த்தமில்லை. 4.0 பதிப்பிலிருந்து ரெடிஸ் என்ற நோஎஸ்க்யூஎல் கிடங்கைக் கேச்சாக, அதாவது தற்காலிகச் சேமிப்பாக, வைக்கும் வசதி உள்ளேயே வருகிறது. கேச்சுக்கு ஒரு சாவியும் ஒரு மதிப்பும் போதும். மாடல்களுக்கு அது போதாது.

ஆவணமாகச் சேமிப்பது என்றால்

பாம்பன் தெற்குவாடியில் ஒரு விசைப்படகு கரை சேர்வதாக வைத்துக்கொள்வோம். இறால் 42 கிலோ, அதற்குக் கிலோவுக்கு எத்தனை உருப்படி என்ற கணக்கு வேண்டும். கணவாய் 65 கிலோ, நண்டு 18 கிலோ, அதற்கு அளவுத் தரம் வேண்டும். சங்காயம் என்னும் கழிசல் மீன் 300 கிலோ, எடை மட்டும் போதும். இதே செயலியில் கடல்பாசியும் எழுதப்பட்டால் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை என்று வகை வேண்டும். ஈரமா காய்ந்ததா என்றும் குறிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவானது எடையும் விலையும்தான்.

அட்டவணை முறையில் பயணம் ஒரு டேபிள், வரத்து இன்னொரு டேபிள். வரத்தின் ஒவ்வொரு வரிசையும் எந்தப் பயணத்தைச் சேர்ந்தது என்று காட்டும் ஃபாரின் கீயைத் தாங்கியிருக்கும். உருப்படிக் கணக்கு, அளவுத் தரம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு பத்தி வைத்தால் பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே இருக்கும்.

மோங்கோடிபியில் ஒரு பயணமே ஓர் ஆவணம். அதற்குள் வரத்துப் பட்டியல் பொதிந்திருக்கும், பட்டியலின் ஒவ்வொரு உறுப்பும் தனக்குத் தேவையான ஃபீல்டுகளை மட்டும் வைத்திருக்கும். ஒரே வாசிப்பில் முழுச் சீட்டும் கிடைத்துவிடும். இது உண்மையான வசதி, குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லையும் உண்டு. ஓர் ஆவணம் 16 எம்பியைத் தாண்டக் கூடாது. பயணத்துக்கு ஓர் ஆவணம் என்றால் அந்த எல்லையை நெருங்கவே மாட்டோம். படகுக்கு ஓர் ஆவணம் வைத்து, அதற்குள் எல்லாப் பயணங்களையும் அடுக்கினால் ஆவணம் ஆண்டுக்காண்டு வீங்கும், ஒவ்வொரு திருத்தமும் கனமாகும். முடிவில்லாமல் வளரும் பட்டியலை ஆவணத்துக்குள் வைக்கக் கூடாது.

முந்தைய முயற்சிகள் எங்கே நின்றன

2008-ல் கூகுள் ஆப் என்ஜின் வந்தபோதே இந்தத் தேவை எழுந்தது. அதன் டேட்டாஸ்டோரில் ஜாயின் கிடையாது. ஒரே கேள்வியில் இரண்டு ஃபீல்டுகள் மேல் பெரிது-சிறிது ஒப்பீடும் அப்போது வைக்க முடியாது. ஜாங்கோ 1.2 பதிப்பு 2010-ல் ஒரே செயலியில் பல டேட்டாபேஸ்களைப் பயன்படுத்த வழிவிட்டது. அந்த வசதியை எழுதிய அலெக்ஸ் கெய்னர் அதே ஆண்டு மாணவர்கள் திறமூல நிரல் எழுதும் கூகுள் கோடைத் திட்டத்தில் நோஎஸ்க்யூஎல் ஆதரவுக்காகக் குவெரி அடுக்கைப் பிரித்து எழுத முயன்றார். அது மூலக்கிளையில் சேரவில்லை. ஜாங்கோ-நான்ரெல் என்பது ஜாங்கோவையே பிரதியெடுத்துத் திருத்திய கிளை. ஜாங்கோ புதுப்பதிப்பு விடும்போதெல்லாம் அதுவும் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

ஜோங்கோ வேறு வழியைப் பிடித்தது. ஜாங்கோ உருவாக்கிய எஸ்க்யூஎல் வாக்கியத்தையே பிரித்துப் படித்து, மோங்கோடிபி கேள்வியாக மாற்றியது. எஸ்க்யூஎல்லின் ஒவ்வொரு வடிவத்தையும் கைப்படப் புரிந்துகொள்ள வேண்டியிருந்ததால், கேள்வி சற்றுச் சிக்கலானதும் சறுக்கியது.

புதிய பேக்எண்டு எஸ்க்யூஎல்லைத் தொடுவதே இல்லை. குவெரி உள்வடிவத்திலிருந்து நேராக மோங்கோடிபியின் அக்ரிகேஷன் பைப்லைனை (படிப்படியாகத் தரவை வடிகட்டித் தொகுக்கும் கேள்வி வடிவத்தை) எழுதுகிறது. முந்தையவற்றைவிட உறுதியான வழி இது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் இது ஜாங்கோவின் உள்ளே சேர்ந்த பகுதியல்ல, தனித் தொகுப்பு.

உடையும் இடங்கள்

1. பிரைமரி கீ. ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் சாவி. ஜாங்கோ பழக்கத்தில் இது 1, 2, 3 என்று ஏறும் முழு எண். மோங்கோடிபியில் ஆப்ஜெக்ட்ஐடி: 12 பைட், எழுதிக்காட்டினால் 24 எழுத்து. முதல் 4 பைட் நேரம், அடுத்த 5 தற்செயல் மதிப்பு, கடைசி 3 ஒவ்வொன்றாகக் கூடும் எண்ணி. இதனால் மூன்று விளைவுகள். யூஆர்எல்லில் முழு எண்ணை எதிர்பார்க்கும் பாதைகள் எல்லாம் பக்கம் இல்லை என்று 404 காட்டும். பயனர், அட்மின் போன்ற உள்செயலிகளின் மைக்ரேஷன்கள் (டேட்டாபேஸ் அமைப்பை உருவாக்கும் கோப்புகள்) முழு எண் சாவியோடு எழுதப்பட்டவை என்பதால் அவற்றையும் புதிதாக உருவாக்க வேண்டும். வெளியார் செயலிகள் தம் சாவி வகையைத் தாமே நிர்ணயித்திருந்தால் அங்கேயும் இடிக்கும். ஏலச் சீட்டு எண்ணுக்குச் சாவியையே பயன்படுத்தி வந்தவர்களுக்கு இன்னொரு வேலை: தனியாக ஓர் எண்ணி ஆவணம் வைத்து, கூட்டுவதையும் வாசிப்பதையும் ஒரே கட்டளையில் செய்ய வேண்டும். வாசித்துவிட்டுப் பிறகு கூட்டினால், இரண்டு கவுண்டர்களில் ஒரே எண்ணில் சீட்டு விழும்.

2. ஜாயின். "ராமேஸ்வரம் துறைப் படகுகளின் பயணங்கள்" என்று ஃபாரின் கீ வழியே வடிகட்டினால் பேக்எண்டு அதை லுக்அப் என்ற படியாக மாற்றும். லுக்அப் 2015 இறுதியில் 3.2 பதிப்பில் வந்தது. வேலை செய்யும், ஆனால் துறையைப் பார்த்து வடிகட்டப் பயணங்களோடு படகுகளை இணைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பயணங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் இது தெரியும். துறையின் பெயரையும் படகின் பதிவெண்ணையும் பயண ஆவணத்திலேயே ஒரு படி எழுதி வைப்பதுதான் ஆவண முறையின் தீர்வு. படகு கைமாறினால் பழைய பயணங்களில் பழைய சம்மாட்டியின் (படகு உரிமையாளரின்) பெயர் நிற்கும். கணக்குக்கு அதுவே சரி. தொலைபேசி எண் போன்ற, எப்போதும் புதியதாக இருக்க வேண்டிய விவரத்தை இப்படிப் படியெடுக்கக் கூடாது.

3. டிரான்சாக்‌ஷன். மற்ற எதையும்விட இங்கே கவனம் வேண்டும். பல பதிவுகளில் ஒன்று தவறினாலும் எல்லாவற்றையும் பின்வாங்குவதுதான் டிரான்சாக்‌ஷன். ஏலம் முடிந்ததும் நான்கு வேலை நடக்கிறது: விற்பனை எழுதப்படும், வியாபாரியின் பாக்கி கூடும், டீசலுக்கும் ஐஸுக்கும் வாங்கிய முன்பணம் கழியும், மீதி பங்காகப் பிரியும். இரண்டாவது வேலைக்குப் பின் சர்வர் நின்றால் வியாபாரிக்குக் கடன் ஏறியிருக்கும், படகுக்கு வரவு ஏறியிருக்காது.

ஜாங்கோவில் இந்த நான்கையும் அடாமிக் என்ற கட்டுக்குள் எழுதுவது வழக்கம். மோங்கோடிபி பேக்எண்டில் ஜாங்கோவின் அந்த அடாமிக் எதையும் செய்வதில்லை. பிழை வராது, எச்சரிக்கையும் வராது, நிரல் பார்க்க முன்போலவே இருக்கும், பாதுகாப்பு மட்டும் போயிருக்கும். அதற்குப் பதிலாகப் பேக்எண்டு தன் சொந்த அடாமிக் ஒன்றைத் தருகிறது. அதை எங்கிருந்து இறக்குமதி செய்கிறோம் என்பதை ஒவ்வொரு கோப்பிலும் பார்த்து மாற்ற வேண்டும்.

அதோடு முடியவில்லை. பல ஆவணங்களைத் தழுவும் டிரான்சாக்‌ஷன் மோங்கோடிபியில் 2018-ல் 4.0 பதிப்பில் வந்தது. சர்வர் ரெப்ளிகா செட்டாக (ஒரே தரவின் படிகளை வைத்திருக்கும் தொகுதியாக) இருந்தால்தான் அது நடக்கும். மடிக்கணினியில் நிறுவியபடியே ஓடும் தனிச் சர்வரில் நடக்காது. ஒரே கணினியானாலும் ரெப்ளிகா செட் பெயர் கொடுத்துத் தொடங்கி, ஒருமுறை இனிஷியேட் கட்டளை ஓட்ட வேண்டும். ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு இயல்பாக 60 வினாடிதான் கெடு. மாதாந்தரக் கணக்கு முழுவதையும் ஒரே கட்டுக்குள் போட்டால் பாதியில் அறுந்துவிடும்.

ஓர் ஆவணத்துக்குள் நடக்கும் மாற்றத்துக்கு மட்டும் டிரான்சாக்‌ஷன் தேவையில்லை, அது எப்போதும் முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காது. அதனால் சேர்ந்தே மாற வேண்டியவை ஒரே ஆவணத்தில் இருக்கும்படி அமைப்பதுதான் முதல் தற்காப்பு.

4. ஃபாரின் கீயும் அழித்தலும். மோங்கோடிபி ஃபாரின் கீயைச் சரிபார்ப்பதில்லை. இல்லாத படகைச் சுட்டும் பயணம் தாராளமாக ஏறும். படகை அழித்தால் அதன் பயணங்களையும் அழிக்கும் வேலையைச் செய்வது ஜாங்கோவின் பைத்தான் நிரல். நடுவில் நின்றால் அனாதைப் பதிவுகள் மிஞ்சும். வாரம் ஒருமுறை அப்படிப்பட்ட பதிவுகளைத் தேடும் கட்டளை ஒன்றை எழுதி வைப்பது நல்லது. கணக்கோடு தொடர்புள்ள எதையும் அழிக்காமல், செயலில் இல்லை என்று குறிப்பது அதைவிட நல்லது.

5. தனித்தன்மையும் வெறுமதிப்பும். இன்னும் பதிவெண் கிடைக்காத வள்ளங்களுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறோம். போஸ்ட்கிரெஸில் தனித்தன்மை விதி (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது என்பது) இருந்தாலும் பல வரிசைகள் நல், அதாவது வெறுமதிப்பு, ஆக இருக்கலாம். மோங்கோடிபியின் சாதாரணத் தனித்தன்மை இண்டெக்ஸில் (தேடலை விரைவாக்கும் குறிப்பட்டியலில்) இரண்டாவது காலியே இ11000 என்ற இரட்டைச் சாவிப் பிழையைத் தரும். பேக்எண்டு மைக்ரேஷன் வழியே உருவாக்கும் இண்டெக்ஸ் இதைச் சமாளிக்கிறது. கையால் இண்டெக்ஸ் போடுபவர்கள், மதிப்பு உள்ள ஆவணங்களுக்கு மட்டும் பொருந்தும் பகுதி இண்டெக்ஸாகப் போட வேண்டும்.

6. நேரமும் தசமமும். பைத்தான் நேரத்தில் மைக்ரோவினாடி உண்டு, மோங்கோடிபி மில்லிவினாடிவரைதான் வைத்துக்கொள்ளும். சேமித்த நேரமும் திரும்ப வாசித்த நேரமும் சமமாக இராது. எடை, விலைக்கு டெசிமல் ஃபீல்டே போதும், பேக்எண்டு அதை டெசிமல்128 ஆக எழுதும். பேக்எண்டைத் தவிர்த்து, மோங்கோடிபியின் பைத்தான் டிரைவரான பைமோங்கோ வழியே நேராக எழுதும் இடங்களில் பைத்தானின் டெசிமலை டிரைவர் ஏற்காது. அங்கே அவசரத்துக்கு ஃப்ளோட் (தோராயத் தசம எண்) ஆக மாற்றிவிடுபவர்கள் காசுக் கணக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எவை ஆதரிக்கப்படவில்லை என்று ஊகிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பேக்எண்டிலும் ஃபீச்சர்ஸ் என்ற கோப்பு உண்டு. ஃபாரின் கீ உண்டா, டிரான்சாக்‌ஷன் உண்டா என்று ஆம்-இல்லை என அதில் அறிவித்திருப்பார்கள். ஜாங்கோவின் சோதனைத் தொகுப்பில் எவற்றைத் தவிர்க்கிறோம், ஏன் என்ற பட்டியலும் அதிலேயே இருக்கும். பேக்எண்டைத் தேர்ந்தெடுக்கும் முன் விளம்பரப் பக்கத்தைவிட முதலில் படிக்க வேண்டியது இந்தக் கோப்பைத்தான்.

மாறத்தான் வேண்டுமா?

வகைக்கு வகை ஃபீல்டு மாறுகிறது என்பது மட்டுமே காரணமானால், மாற வேண்டியதில்லை. ஜாங்கோ 3.1 பதிப்பிலிருந்து, விருப்பப்படி சாவி-மதிப்பு இணைகளை வைத்துக்கொள்ளும் ஜேசன் ஃபீல்டு எல்லா அதிகாரபூர்வ டேட்டாபேஸ்களிலும் இருக்கிறது. எடை, விலை, வகை, பயணம் ஆகியவற்றைச் சாதாரணப் பத்திகளாக வைத்து, உருப்படிக் கணக்கு, அளவுத் தரம், ஈரம்-காய்வு போன்றவற்றை ஒரே ஜேசன் ஃபீல்டுக்குள் வைத்தால் போதும். டிரான்சாக்‌ஷனும் ஃபாரின் கீயும் அப்படியே கிடைக்கும். கரையோரக் கணக்குச் செயலிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே சரியான விடை.

ஆனால் ஜேசன் ஃபீல்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. போஸ்ட்கிரெஸில் அதன்மேல் ஜின் இண்டெக்ஸ் போட்டால், "இதை உள்ளடக்கியதா" என்று கேட்கும் கன்டெய்ன்ஸ் வடிகட்டலுக்கு அது உதவும். சாவியின் பெயரைச் சொல்லி நேரடியாகச் சமம் என்று கேட்கும் வடிவத்துக்கு அந்த இண்டெக்ஸ் பயன்படாது. இண்டெக்ஸ் போட்டும் வேகம் கூடவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எஸ்க்யூலைட்டில் கன்டெய்ன்ஸ் கிடையாது என்பதால், அதில் சோதித்துப் போஸ்ட்கிரெஸில் ஓட்டுபவர்கள் இரண்டிலும் போஸ்ட்கிரெஸையே வைத்துக்கொள்ள வேண்டும். சாவி இல்லாததும், சாவி இருந்து மதிப்பு நல் ஆக இருப்பதும் வேறு வேறு. முதலாவதை இஸ்நல் கொண்டும், இரண்டாவதைப் பைத்தானின் நன் (None) கொண்டும் வடிகட்ட வேண்டும்.

மோங்கோடிபி பொருந்தும் இடங்களும் உண்டு. கடல்நீர் வெப்பம், உப்புத்தன்மை, அலை அளவு என்று கருவிக்குக் கருவி வடிவம் மாறும் அளவீடுகள் நாள் முழுதும் குவிந்தால் ஆவண முறை எளிது. எழுதியதை யாரும் திருத்துவதில்லை, பணமும் இதில் இல்லை. ஒரே ஜாங்கோ செயலியில் கணக்கைப் போஸ்ட்கிரெஸிலும் அளவீடுகளை மோங்கோடிபியிலும் வைத்து, எந்த மாடல் எந்த டேட்டாபேஸுக்குப் போகும் என்று சொல்லும் ரூட்டர் மூலம் பிரித்துவிடலாம். இரண்டுக்கும் குறுக்கே ஃபாரின் கீ மட்டும் போடக் கூடாது.

முழுதாக மாறுவது என்று முடிவானால்

1. பதிப்புகளைப் பொருத்துங்கள். பேக்எண்டின் முதல் இரண்டு எண்களும் ஜாங்கோவின் முதல் இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். ஜாங்கோ 5.2 என்றால் பேக்எண்டும் 5.2.

2. பழைய திட்டத்தின் அமைப்புக் கோப்பில் என்ஜின் (பேக்எண்டு) பெயரை மாற்றாமல், பேக்எண்டு தரும் வார்ப்புருவிலிருந்து புதுத் திட்டம் தொடங்குங்கள். பயனர், அட்மின் மைக்ரேஷன்கள் ஆப்ஜெக்ட்ஐடிக்கு ஏற்ப அதில் அமைந்திருக்கும். நம் மாடல்களை அதற்குள் கொண்டுவந்து, மைக்ரேஷன்களை முதலிலிருந்து உருவாக்க வேண்டும்.

3. உருவாக்கும் கணினியிலேயே ரெப்ளிகா செட் வையுங்கள். இல்லையென்றால் டிரான்சாக்‌ஷன் நிரலைச் சோதிக்கவே முடியாது. ஜாங்கோவின் டெஸ்ட்கேஸ் ஒவ்வொரு சோதனையையும் டிரான்சாக்‌ஷனில் சுற்றிப் பின்வாங்கும். அது இல்லாத இடத்தில் ஒவ்வொரு முறையும் தரவைத் துடைத்தெழுதும் என்பதால் சோதனைகள் முன்பைவிட நேரம் எடுக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

4. தரவை இறக்கி ஏற்றும் ஜாங்கோ கட்டளைகளான டம்ப்டேட்டா, லோட்டேட்டா வழியை நம்ப வேண்டாம், ஏனென்றால் பழைய முழு எண் சாவி தானாக ஆப்ஜெக்ட்ஐடி ஆகாது. தனிக் கட்டளை எழுதி, ஒவ்வொரு ஆவணத்திலும் பழைய சாவியைத் தனி ஃபீல்டாக வைத்து, பழையதுக்குப் புதியது என்று ஓர் அகராதி கட்டி, அதைக்கொண்டு உறவுகளைத் திருத்த வேண்டும். படகுகள் முதலில், வியாபாரிகள் அடுத்து, பயணங்கள் கடைசியில்.

5. மாற்றும் நாளைக் கடலைப் பார்த்துக் குறியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு வரத்து இருக்காது, பெரிய எழுத்துச் சுமை நின்றிருக்கும். நாட்டுப்படகும் பாசியும் அப்போதும் வரும், அவற்றுக்கான கவுண்டரை மாற்றும் இரவில் மட்டும் நிறுத்தினால் போதும். தடை முடிவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவாவது மாற்றம் முடிந்திருக்க வேண்டும். ஜூன் நடுவில் படகுகள் மொத்தமாக இறங்கும் வாரத்தில் புதுச் செயலியைத் திறப்பது வேண்டாத வம்பு.

6. சரிபார்ப்பு. ஆவண எண்ணிக்கை சமமாக இருப்பது போதாது. படகுவாரியாக மொத்த எடை, வியாபாரிவாரியாகப் பாக்கி, மாதவாரியாக விற்பனைத் தொகை ஆகிய மூன்றையும் இரண்டு பக்கமும் கூட்டி, பைசாவரை ஒப்பிடுங்கள். எடை ஒத்துப்போய்ப் பாக்கி மட்டும் விலகினால் முதலில் பார்க்க வேண்டியது தசம மாற்றம், அடுத்தது வியாபாரிச் சாவியின் அகராதி. மூன்றும் ஒத்துப்போகும்வரை பழைய போஸ்ட்கிரெஸை வாசிப்புக்கு மட்டும் திறந்து வைத்திருங்கள். தடைக்காலம் முடிந்து, முதல் மாதக் கணக்கு புதியதில் பிசகில்லாமல் முடிந்த பிறகு பழைய சர்வரை நிறுத்தலாம்.